எழுபத்தெட்டு

ரீகாவில் ஞாயிற்றுச் சந்தை
ரயில் பாலத்துக்கு அடியில் கூடும்.
பக்கத்துக் கடை தாலிஸ் பழைய பூட்ஸ் விற்பான்,
ஜோடி சேராவிட்டாலும் விற்பான்.
என் கடைச் சரக்குக்கு இன்னது என்று பெயர் கிடையாது.

சிப்பாய் ஒன்று தொலைந்துபோன சதுரங்கப் பெட்டி;
அதன் இடத்தில், தையல்காரர் விரலில் மாட்டும்
பித்தளைத் தொப்பி.
விண்வெளிக்குப் போன நாய் சிரிக்கும் பிஸ்கட் டப்பா,
திறந்தால் உள்ளே பொத்தான்கள்.
ஒரு கவிதைப் புத்தகம்,
நாற்பத்தோராம் பக்க ஓரத்தில் பென்சிலால் யாரோ:
"தவறு. இந்தக் குருவி செப்டம்பரில் பாடாது."
அடுத்த பக்கத்தில் அதே கை:
"பாடுகிறது. இன்று காலை கேட்டேன். மன்னிக்கவும்."

அப்புறம் அது.
நாட்காட்டித் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன்.
கத்தரியால் வட்டமாய் வெட்டிய எக்ஸ்ரே படம்.
யாருடையதோ இடது விலா எலும்புகள்,
அவற்றின் மேல் மயிரிழை வரிகளாய்ச் சுருண்டு கிடக்கும் ஜாஸ்.
நடுவே சிகரெட் நெருப்பால் சுட்ட துளை.
வானொலி தொடாத பாட்டையெல்லாம்
ஆஸ்பத்திரிக் குப்பையில் பொறுக்கிய நெஞ்சுகளில் செதுக்கி
காதும் காதும் வைத்தாற்போல் விற்ற காலம் ஒன்றிருந்தது.
கோட்டுக் கைக்குள் சுருட்டிக்கொண்டால்
போலீஸ்காரன் தோளில் தட்டினாலும் தெரியாது.
ஊசி ஒவ்வொரு முறையும் அதைக் கொஞ்சம் தின்றுவிடும்.
ஆகவே நான் போடுவதில்லை. காட்டுவேன், அவ்வளவுதான்.

அந்த அம்மாள் என்ன பாட்டு என்றே கேட்கவில்லை.
கையுறையைக் கழற்றினாள். விளிம்பை மட்டும் பிடித்து
பாலத்து நிழலைத் தாண்டி வெளிச்சத்துக்கு நடந்தாள்.
திருடிக்கொண்டு போகிறாள் என்று தாலிஸ் எழுந்தே விட்டான்.
விஸ்மா என்று பெயர். முப்பத்தொரு வருஷம்
இருட்டறையில் உட்கார்ந்து பிறர் நெஞ்சைப் படித்தவள்.

"ஐந்தாவது விலா உடைந்து, கோணலாய்ச் சேர்ந்திருக்கிறது.
பெண்ணாக இருக்கலாம். முப்பதைத் தாண்டாது.
இங்கே ஒரு நிழல், பாருங்கள்.
இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று
பார்க்க வேண்டிய இடம்..."
விரல் துளையில் வந்து நின்றது.
துளை வழியே, ஆற்றுக்கு மேலே, ஒரு கடற்காகம் போயிற்று.

ஒருத்தி பிழைத்தாளா என்ற செய்தியின் மேல்
எவனோ சிகரெட்டை அணைத்திருக்கிறான்.

போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.
கிராமபோனுக்கு விசை முறுக்கி ஊசியை இறக்கினேன்.
சளி பிடித்த டிரம்பெட் ஒன்று மழைக்குள்ளிருந்து எழுந்தது.
கூடவே, தட்டு சுற்றும் ஒவ்வொரு தரமும்
ஒரு கீறலில் ஊசி தட்டி: டக்.
அதை மேளம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
அவளோ கடிகாரத்தைப் பார்த்தபடி
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
"எழுபத்தெட்டு. சாதாரணம்தான்."

அம்மா, தட்டு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்றுத்தான் சுற்றும்,
அது பெட்டியின் கணக்கு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் விசை தளர்ந்தது.
டிரம்பெட் கனத்து, தொண்டை கட்டி, மாடு கத்துவதுபோல் ஆகி
டக்.
டக்.

டக்.
"ஐம்பது," என்றாள். "நாற்பத்து நாலு.
என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? முறுக்குங்கள்!"
முறுக்கினேன். தாலிஸ் கையிலிருந்த பூட்ஸைப் போட்டுவிட்டு ஓடிவந்து
பெட்டி ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.
அறுபது.
எழுபது.
மூன்று பேரும் அப்போதுதான் மூச்சு விட்டோம்.

பாட்டு முடிந்தது. தட்டு மட்டும் சுற்றியது, டக், டக்.
ஊசியை எடுக்க வேண்டியது என் வேலை.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

போகும்போது சதுரங்கப் பெட்டியை வாங்கினாள்.
நாலு யூரோ, பேரம் இல்லை.
சிப்பாய் ஒன்று குறைகிறது என்றேன்.
"இதோ, தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறானே," என்றாள்.