வலதுகைச் சுட்டுவிரல்

லெய்டன் நகரத்துத் துணிமண்டபத்தில்
வடக்குச் சன்னலோரம் என் கல்.
பதினேழு வருஷம்.
ஈயவில்லை இரண்டு, நடுவே ஒரு பட்டை;
துணியின் ஓரத்தைக் கவ்வும்படி மடக்கி
அச்சுக்குள் வைத்து ஓங்கி ஓர் அடி.
குறுக்காகக் கிடக்கும் இரண்டு சாவிகள்
புடைத்து வரும்.
எந்தப் பூட்டுக்கும் பொருந்தாதவை.
ஆனால் அவை தொங்கினால்தான் துணி ஊர் தாண்டும்.

அடிக்குமுன் தொட வேண்டும். அதுதான் வேலை.
ஓரத்தை இரு விரலுக்கு நடுவே உருட்டினால் போதும்,
கலே துறைமுகத்தில் வாங்கிய இங்கிலாந்துக் கம்பளியா
இருட்டில் படகேறிய ஸ்காட்லாந்துச் சரக்கா,
சொல்லிவிடுவேன்.
தொட்டியில் மிதித்தவன் எந்தக் காலை
அழுத்தி ஊன்றினான் என்பதுகூட...
சரி, அது பீர்க்கடைப் பேச்சு.

போன தவக்காலத்தில்
கஞ்சிக் கிண்ணம் சுட்டது தெரியவில்லை.
தோல் கொப்புளித்த பிறகு
கண்தான் சொன்னது.
அப்புறம் சட்டைக் கயிறு. அப்புறம்
செபமாலை: எத்தனை மணி உருட்டினேன் என்பது
கடவுள் பாடு.

யாரிடமும் சொல்லவில்லை.
தொட்டேன், புருவம் நெரித்தேன், அடித்தேன்.
துணியை விட்டுக் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்தேன்.
கள்ளத் துணிக்காரன்
கொஞ்சம் கூடுதலாகப் பேசுவான்.

மார்ட்டின் திருநாளுக்கு மறுவாரம்
லூபெக்கிலிருந்து ஒரு துணி திரும்பி வந்தது.
கருநீலம்.
இழைக்குள் ஸ்காட்லாந்து, ஓரத்தில் என் சாவிகள்.
கூடவே கடிதம்.
அங்கே சந்தையில்
ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளிக்கிறதாம்.

மேற்பார்வையாளர் கெரித் பாமெஸ்
தன் கழுத்துத் துண்டாலேயே என் கண்ணைக் கட்டினார்.
மேசையில் இரண்டு துணி.
"எது நல்லது, சொல்."

இடப்பக்கம் தொட்டேன். ஒன்றுமில்லை.
வலப்பக்கம். ஒன்றுமில்லை.
கை மரத்துவிட்டது என்கிறோம்,
மரமாவது ஈரம் அறியும்.

வாசலோரம் யாரோ இருமினார்கள்.
கை இடப்பக்கம் திரும்பியிருந்த நேரம்.
வலப்பக்கம் நகர்த்தினேன்: மௌனம்.
மறுபடி இடப்பக்கம்:
இருமல்.

"இது" என்றேன்.

கெரித் மன்னிப்புக் கேட்கவில்லை,
பீர் வாங்கித் தந்தார்.
கப்பலில் எவனோ முத்திரையைப் பிடுங்கி
வேறு துணியில் மாட்டியிருக்கிறான் என்று
லூபெக்குக்குப் பதில் போயிற்று.

வாசலில் நின்றவள் பார்தே.
ஆறு தறிக்குச் சொந்தக்காரி.
அந்தக் கருநீலமும் அவளுடையதுதான்.
"இருமலுக்கு மருந்து வேண்டுமா?" என்றேன்.
பதில் சொல்லாமல் என் சுட்டுவிரலைப் பிடித்து
நகத்தால் அழுத்தினாள்.
ரத்தம் வந்தது. நான்
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"இரண்டு வருஷமாகத் தெரியும், இஸ்பிராந்த்.
உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் இடத்துக்கு வேறு யாரும் வந்துவிடக் கூடாது."

இன்று காலை அவள் துணி என் கல்மேல்.
சாம்பல் நிறம், சாம்பல் வெளிச்சம்.
அவள் கூடுதலாகப் பேசவில்லை,
பேசவே இல்லை.
முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை.

மண்டபம் முழுக்கப் பார்த்திருக்க
ஓரத்தைத் தூக்கிக் கீழுதட்டில் வைத்தேன்.
எவனோ சிரித்தான். சிரிக்கட்டும்.
உதடு இன்னும் என்னுடையது.
ஈயத்தின் அந்த வேண்டாத இனிப்புக்கு அடியில்
மெல்ல, மெல்ல,
கம்பளி வந்து பேசியது:
கலே. வசந்தகால ரோமம். கலப்பில்லை.
இவ்வளவு நல்ல துணியை
இந்த வருஷம் நான் தொட்டதே இல்லை.

அதுதான் ஆத்திரம்.
சுத்தியல் சறுக்கியது;
ஒரே ஒரு சாவி விழுந்தது.

பார்தே குனிந்து பார்த்தாள்.
"இன்னொரு வில்லை எடு" என்றாள்.