முன்னிலை ஒருமை

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
அதில் மின்விசிறியின் கிறீச் வராது.
கீழே ஆஸ்பத்திரி வீதியில் ஒரு கொண்டக்டர்
'பருத்தித்துறை, பருத்தித்துறை' என்று கூவுவதும் வராது.
முடிவானது மட்டும் வரும்.
ஆனபடியால் இதை வேறாக எழுதுகிறேன்.

நாலாவது செவ்வாய். வினாக்கொத்து, இரண்டாம் வரைவு.
தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு
வாட்டுக்கு வருகிறவர்களிடம்
எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது.
ஆங்கிலத்தில் இருக்கும்வரை சுகமாக இருந்தது;
அங்கே எல்லாருக்கும் ஒரே சொல்.
தமிழுக்கு வந்தவுடன்
முதல் கேள்வியின் முதல் சொல்லிலேயே
ஒன்றரை மணித்தியாலம் நின்றோம்:

நீயா, நீரா, நீங்களா?

'நீங்கள்' என்றார் டொக்டர் அருந்தவச்செல்வன்.
மரியாதை பிழைக்கக்கூடாது.
பெனடிக்ரா மிஸ்ஸி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா.
'பதினேழு வயதுப் பிள்ளையை நீங்கள் எண்டால்
பொலிஸ் வாக்குமூலம் எடுக்குது எண்டு நினைக்கும், டொக்டர்.'
'நீ' என்றால் வீட்டின் குரல்:
ஏன் செய்தனீ,
எங்கட மானத்தை ஒருக்கா நினைச்சுப் பாத்தனியோ.

'நீர்' என்றா சோனகதெரு பஸீஹா ரீச்சர்.
பள்ளிக்கூடத்தில் நான் அப்படித்தான்.
கதிரையை இழுத்துப் பக்கத்தில் போடுகிற மாதிரி ஒரு சொல்.

ஹற்றனிலிருந்து, திரையில், தங்கேஸ்வரி:
'எங்க பக்கம் நீர்னு சொன்னா
நாடகத்துல ராஜா பேசுற மாதிரி இருக்கும்ங்க.'
சிரித்தோம்.
(குறிப்பில்: கலந்துரையாடப்பட்டது.)

மூன்று மாவட்டத்தில் மூன்று விதமாகக் கேட்டால்
எதை எதோடு ஒப்பிடுவது என்றார்
புள்ளிவிபரம் பார்க்கும் சிவகடாட்சம்.
அவர் சொல்வது சரி.
அதுதான் கரைச்சல், அந்த அறையில் எல்லாரும் சரி.

பிறகு ஏழாவது கேள்வி. காரணம்.
பழைய பதிவேட்டில் அந்த நிரலை விரித்துப் பார்த்தோம்.
காதல். சோதனை. சண்டை. சண்டை.
கவனத்தை ஈர்க்க.
கவனத்தை ஈர்க்க.
'இதில பாதி என்ரை கையெழுத்து' என்றா மிஸ்ஸி.
'விடியப்புறம் ரெண்டு மணி, முப்பது கட்டிலுக்கு ரெண்டு பேர்,
நிரல் ஒரு அங்குலம். அதுக்குள்ள
என்னத்தை எழுதுறது?
இப்ப வாசிக்க வெக்கமாக் கிடக்கு.'
பேனை மூடியைத் திறந்து, மூடி, திறந்தேன்.

டிலக்சனா அதுவரை வாய் திறக்கவில்லை.
வருகைப் பட்டியலில் அவ 'அனுபவ உறுப்பினர்'.
நான் போட்ட பெயர்,
பிடிக்கவில்லை என்று பிறகு சொன்னா.
ஹெல்மெட் மடியில் இருந்தது.

'என்னட்டை எல்லாரும் ஏன் எண்டுதான் கேட்டவை.
எனக்கு ஏன் எண்டு தெரியாது.
தெரிஞ்சிருந்தா முதலே ஆரிட்டையும் சொல்லியிருப்பன்.
ஒரு ஆள் மட்டும்
சாப்பிட்டனீரோ எண்டு கேட்டா.
இல்லை எண்டன்.
தன்ரை பாணிலை பாதி, சம்பலோட தந்தவ.
தின்னத் தின்னக் கதைச்சனான்.
ஏன் எண்டதை இல்லை.
அண்டைக்குக் காலமை தொடக்கம் என்ன நடந்தது எண்டதை.'

மிஸ்ஸி சன்னலைப் பார்த்தா.
'எனக்கு ஞாபகம் இல்லைப் பிள்ளை.'
'எனக்கு இருக்கு.'

சிவகடாட்சம் கணினியில் ஒரு நிரல் திறந்தார்.
ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூச்சியம்.
பார்த்துக்கொண்டிருந்தார்.
'பாணுக்கு என்ன குறியீடு போடுறது?'
அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை.

தீர்மானம் ஒன்று: 'ஏன்' நீக்கப்படுகிறது.
அதன் இடத்தில் 'அன்றைக்கு என்ன நடந்தது',
கீழே அரைப் பக்கம் வெறுமையாக.
இரண்டு: பதிவேட்டில் 'கவனத்தை ஈர்க்க' என்று
இனி எவரும் எழுதுவதில்லை.
மூன்று: முன்னிலைச் சொல், அடுத்த செவ்வாய்க்கு.

படிவத்தை எடுக்கமுன் சாப்பாடு விசாரிப்பது பற்றி
யாரும் முன்மொழியவில்லை, வழிமொழியவில்லை.
டொக்டர் மட்டும் தன் பிரதியின் ஓரத்தில்
ஏதோ சின்னதாக எழுதினார்.

படியிறங்கையில் மிஸ்ஸி திரும்பி
டிலக்சனாவிடம் ஒன்று கேட்டா.
பஸ் ஹோர்ன் அடித்தது,
நீயா நீரா நீங்களா என்று எனக்குப் பிடிபடவில்லை.
கன்ரீன் மூடுகிற நேரம்.
இருவரும் கொஞ்சம் கெதியாக நடந்தார்கள்.