பதினொரு கிலோ

மடைப்பலகையில் கயிறு கட்டி
மீன்காரரின் கொக்கித் தராசில் மாட்டி இழுத்தோம்.
பதினொன்று.
செங்கொடி நம்பவில்லை, குதிகால் ஊன்றி மறுபடி இழுத்தாள்.
பதினொன்றரை.
தண்ணீர் சாய்ந்து நிற்கிற பாரம்;
எந்த டப்பாவின் மேலும் அச்சிட்டிருக்காது.

கும்பகோணத்தில் சர்புதீன் கடை.
நீலச் சர்வோ ஒன்பது கிராம், பிளாஸ்டிக் பல்,
பொம்மை விமானத்தின் வால் திருப்புமாம்.
கறுப்புக்கு உலோகப் பல். பத்துக் கிலோ இழுக்கும்.
"அதுவும் அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டரில்தான்,"
சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார்.
எங்கள் பலகை ஒரு சாண் எழும்ப வேண்டும்.
கறுப்பைத்தான் வாங்கினேன், வேறென்ன.

கொரடாச்சேரி பஸ்ஸில்
மடியில் ரிசீவர், பேட்டரி, ஆன்டெனாவுக்குச் செம்புக்கம்பி.
குடவாசல் தாண்டும்போது உறைத்தது:
தூக்கச் சொல்லி அதை யார் கேட்டது?
கப்பியில் தொங்கும் மணல்மூட்டை தூக்கட்டும்.
கிரீஸ் தடவிய ஓர் ஆணியை உருவினால் போதும் சர்வோ.

மறுநாள் கறுப்பைக் கொடுத்து நீலத்தை வாங்கினேன்.
சர்புதீன் ஏன் என்று கேட்கவில்லை.

ரிமோட்டோடு வரப்பில் நடந்தாள் செங்கொடி.
தென்னந்தோப்பைத் தாண்டியதும் சிக்னல் செத்தது.
கம்பியை மூங்கில் கழியில் ஏற்றினேன்,
தூரத்தில் கையசைத்தாள்.

முறைத்தண்ணீர் இரவு இரண்டு மணிக்கு.
கொல்லையில் நின்று அழுத்தினாள்.
எதுவும் இல்லை. மறுபடி அழுத்தினாள்.
வாய்க்காலுக்கு அக்கரையில் தொப்பென்று மூட்டை விழுந்தது,
பிறகு
இருட்டுக்குள் தண்ணீர் பேசத் தொடங்கியது.

திறக்க மட்டும்தான் பாகம் வாங்கியிருந்தோம்.
மூடுவதற்கு
விடியுமுன் யாராவது சுற்றிக்கொண்டு போய்
மூட்டையை மேலே ஏற்ற வேண்டும்.
ரிமோட்டை என் பக்கம் நீட்டி
"இதை வெச்சுக்க," என்றாள் செங்கொடி,
படுத்துவிட்டாள்.