பத்துக் கிலோவுக்குக் கீழே

தாழையூத்து எடைமேடையில் எனக்குப் பகல் ஷிப்டு.
சுண்ணாம்புக்கல் லாரி ஏறும், நிற்கும்,
முப்பத்தெட்டு டன் நானூறு.
இறங்கும். அடுத்தது.

பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும்
இந்த இயந்திரம் மதிப்பதில்லை.
உறையைக் கையில் வைத்துக்கொண்டு
ஒருநாள் நானே ஏறி நின்றேன்.
பிறகு உறையில்லாமல்.
இரண்டுக்கும் ஐம்பதுதான்.

சவேரி அக்காவின் தபால் தராசில்
அதே உறை பதினேழு கிராம்.

கைசா எஸ்தோனியாவில் ஒரு தீவில் இருக்கிறாள்.
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிற வேலை.
பீகார் டிரைவர் ஒருவர்
என் மேசையில் அவள் பெயரை எழுத்துக்கூட்டிவிட்டுச் சிரித்தார்:
அவர் பாஷையில் அது 'எப்படி?' என்று கேட்பதாம்.
எப்படி என்று எனக்கும் தெரியாது.
குரல் கேட்டதில்லை.

பேச்சிக்கனி என்ற என் பெயரில்
கனி என்றால் பழம் என்று ஒருமுறை எழுதியிருந்தேன்.
அதிலிருந்து 'பேச்சி'க்குப் பக்கத்தில்
மெழுகு வண்ணத்தில் ஒரு பழம் வரைந்துவிடுவாள்.
முதலில் ஆப்பிள். பிறகு
நான் பார்த்தேயிராத ஏதோ சிவப்புக் கொத்து.

கார்பன் படிந்த எடைச்சீட்டை மடித்து
நான் லாரி செய்து அனுப்பினேன்,
பசை தடவி அதன்மேல் நிஜமான கல்தூசி.
பஸ் டிக்கெட்டுகளை ஒட்டித் தாமிரபரணி.
கொக்கிரகுளம் வளைவுக்கு மட்டும்
பச்சை டிக்கெட் கிடைக்காமல்
மூன்று வாரம் தேவையில்லாமல் பாளைக்குப் போய்வந்தேன்.

அவள் கறுப்பு ரொட்டி சுற்றிய தாளில்
ஊசியால் குத்திக் குத்திப் பனி அனுப்பினாள்.
சும்மா பார்த்தால் வெறும் தாள்.
மே மாதம், மதியம் ஒரு மணி,
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
மேசை மீது, ரப்பர் ஸ்டாம்ப் மீது,
டிபன்பாக்ஸ் மூடி மீது
பெய்தது.

உறையின் மூலையில் ஒரு வட்டம் விட்டுவைப்பேன்,
தபால் முத்திரை அங்கே நிலாவாக விழட்டும் என்று.
சவேரி அக்கா முதல்தடவை
லாரியின் நெஞ்சிலேயே ஓங்கிக் குத்தினாள்.
நான் பேசாமல் வந்துவிட்டேன்.
இப்போது அவளே கேட்கிறாள்:
'இன்னைக்கு எங்கட்டி குத்தணும்?'

டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்தது.

இருபத்துமூன்று நாள் கழித்து
பாலிதீன் கவருக்குள் ஓர் உறை.
ஒட்டுவாய் பிரிந்து, உள்ளே ஒன்றுமில்லை.
முகவரி கரைந்துபோயிருந்தது.
மெழுகுப் பழம் கரையவில்லை.
அதை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.
நட்டநடுவே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை,
சேறு இழுத்த ஒரு கோடு.

கழுவவில்லை.
கோட்டுக்கு அடியில் பால்பாயிண்ட் பேனாவால்
'இது எங்கள் ஆறு' என்று எழுதி
அவளுக்கே திருப்பி அனுப்பினேன்.
தராசு முள்ளைப் பார்த்து அக்கா சொன்னாள்:
'சேத்துக்கும் சேத்துத்தான் ஸ்டாம்பு, தெரிஞ்சுக்கோ.'

மார்ச்சில் அது மறுபடி வந்தது.
சேற்றுக் கோட்டின்மேல்
நீல நூலால் தைத்த ஒரு படகு.
பாய்மரத்துக்குக் கிழித்த சீட்டின் பாதி.
எண் 40718.
கூடவே ஒரு துண்டுத்தாள்:
மறுபாதி உன்னிடம்தான் இருக்கிறது.

பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தேடினேன்.
இதுவரை அவள் அனுப்பியதில்
நாற்பத்தொரு பாதிகள்.
40681 இருக்கிறது. 40717கூட இருக்கிறது.

அந்த டிசம்பர் உறையில் இருந்ததோ என்னவோ.
அப்படியென்றால் அது இந்நேரம்
ஸ்ரீவைகுண்டம் அணை குதித்து
புன்னைக்காயல் தாண்டி
கடலுக்குப் போயிருக்கும்,
ஆள் இல்லாமல், சீட்டு மட்டும்.

இதை அவளுக்கு எப்படி ஒட்டுவது,
எதை வெட்டுவது என்று யோசிக்கிறேன்.
வெளியே ஹாரன்.
லாரியின் பின்சக்கரம் இன்னும் மேடையில் ஏறவில்லை.
கையைக் காட்டுகிறேன்:
இன்னும் கொஞ்சம் முன்னால்,
இன்னும் கொஞ்சம்.