கல் மரக்கால்

மேட்டு நிலம், முழுக்கச் சுண்ணாம்புப் பாறை.
மழை நிற்பதில்லை இங்கே. காற்று நிற்கும்.
வெள்ளை அங்கியில் சிவப்புச் சிலுவை தைத்தவர்கள்
இதன் உச்சியில் ஒரு பண்ணை எழுப்பினார்கள்,
வாளை நம்பி அல்ல, ஆட்டை நம்பி.

போர் கடலுக்கு அப்பால் நடந்தது.
இது போரின் சமையற்கட்டு:
கம்பளி, தோல், பாலாடைக்கட்டி, கோதுமை.
முழங்கால் செத்துத் திரும்பிவந்த வீரர்கள்
குட்டிகளை எண்ணியபடி
மாலைச் செபத்தில் தூங்கிப்போனார்கள்.

கோவில் வாசலுக்கு இடப்புறம்
பாறையில் குடைந்த மரக்கால்.
குடியானவர்களின் வாரம்
அதில்தான் விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை, இருள் பிரியுமுன்,
அரசனின் ஆட்கள் கதவை உடைத்தார்கள்.
புதையல் எங்கே?
எழுத்தர் ஐமெரிக் பட்டியலிட்டான்:
ஆடு ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு.
கட்டில் ஒன்பது.
வாள் ஒன்று, துருவேறி உறையை விட்டு வர மறுக்கிறது.
எட்டுக் கிழவர்களைக் கழுதையில் ஏற்றினார்கள்.
அதில் ஒருவர் திரும்பிப் பார்த்து
"கிழக்குப் பட்டியின் படலைச் சாத்துங்கள்" என்றார்.

மரக்கால் பட்டியலில் ஏறவில்லை.
தூக்கிப்போக முடியாததை யார் எழுதுவார்கள்.

பிறகு கறுப்பு அங்கி, வெள்ளைச் சிலுவை.
மரக்கால் அதேதான்.
கொள்ளைப் படைகள் திரிந்த காலத்தில்
மதில் வந்தது, நான்கு கோபுரங்களோடு.
கல் சுமந்தவர்களே கூலியும் கொடுத்தார்கள்.

கிரால்தா என்றொரு விதவை.
மணமாகி வந்தபோது கொண்டுவந்த மரச்சட்டியால்
வீட்டில் அளந்து, வாசலில் கொட்டுவாள்.
முதல் வருடம் பதினொரு சட்டி கொண்டது மரக்கால்.
நாற்பதாம் வருடம்
பன்னிரண்டாவதையும் கேட்டது.
"கல் வளராது, பெண்ணே" என்றார் கணக்கர்.
"வளரவில்லை ஐயா. தேய்கிறது."
அறுவடைக்கு முன் ஆண்டுதோறும்
அதைச் சுத்தம் செய்ய ஆள் வருவான்.
கையில் துடைப்பம் இருக்கும்,
இடுப்பில் உளி.

அளக்கிற நாழிக்கு அகவிலை தெரியாதாம்.
இந்த நாழிக்குத் தெரிந்திருந்தது.

மன்னர் போனார்; குடியரசு ஏலம் போட்டது.
கோபுரம் வைக்கோலுக்கு,
கோவில் பீப்பாய் செய்பவனுக்கு,
மதில் துண்டு துண்டாக, கோழிக்கூடுகளுக்கு.
மரக்காலுக்கு விலை கேட்க ஆளில்லை.

இந்த மேட்டில் தபால் கொண்டுபோவது என் வேலை.
போன செவ்வாய், மழை விட்ட நேரம்,
பையை இறக்கிவைத்துக் கையை விட்டுப் பார்த்தேன்.
மணிக்கட்டைத் தாண்டியது தண்ணீர்.
இவோலெனின் ஆட்டு நாய் என்னைத் தள்ளிவிட்டு
குடித்தது, குடித்தது,
நிமிர்ந்து மூச்சு வாங்கி
மறுபடி குடித்தது.

இன்னும் இருந்தது.