கேள்விக்குறிப் பட்டியல்

ஜுபைல். இரவுப் பணி.
ஏசி சொட்டுகிறது, அடியில் பெயின்ட் வாளி.
வகை எழுத வேண்டிய இடத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன்:
வெல்டரோ ஃபிட்டரோ,
தொழிலாளி என்றால் சரி.

கம்பைலர் பாதிதான் ஒப்புக்கொண்டது.
எடுத்துப் பார், பெயரைக் கேள்.
புதிதாய் ஆள் சேர்க்காதே,
அது வெல்டர்களுக்கு மட்டுமான
பட்டியலாகவும் இருக்கலாம், உனக்கென்ன தெரியும்?
சேர்க்க விட்டது
'யாருமில்லை' என்பதை மட்டும்.

சோதித்துப் பார்க்க
முத்துவாப்பாவின் இகாமா எண்ணைக் கொடுத்தேன்.
தச்சர், என்று வந்தது.
ஒன்பது வருடமாய்ப் பக்கத்து மேசையில்
டேட்டாபேஸ் பார்க்கிறவர்.
"இன்னிக்கு இன்னும் மரம் அறுக்கலை"
என்று கீபோர்டைத் தட்டினார்.

இவரை எந்த வகைக்கு மாற்றுவது?
மாற்றினேன். மஞ்சளாய் ஓர் எச்சரிக்கை.
அதை அடக்க ஒரே வரி போதும்,
எழுதிவிட்டு
வாளியைக் கொட்டப் போனேன்.