பூஜ்யம்

கிசுமுவில் மழைக்கு முந்திய வெக்கை.
ஆய்வகத்து மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை இருமுகிறது.
தட்டில் இன்று அறுபது கண்ணாடித் துண்டுகள்.
பெயர் இல்லை, எண் மட்டும்.

எண்ணெய்த் துளிக்குள் லென்சை இறக்குகிறேன்.
417.
இவளை எனக்குத் தெரியும்.
முகம் தெரியாது.

ஒருநாள் விட்டு ஒருநாள்
பஞ்சுக்குச்சி கொடுத்தனுப்புகிறாள்.
டுங்காக் கரையில் ஒமேனா மீன் காயவைப்பவளாக இருக்கலாம்,
பேருந்து நிலையத்தில் ரீசார்ஜ் அட்டை விற்பவளாக இருக்கலாம்.
எனக்கு அவள் ஊதாக் கோல்கள்,
சிதறிய வைக்கோல் மாதிரி.
மாலாப் பாலைப் புளிக்க வைக்கும் கூட்டத்துக்கு
இவை ஒன்றுவிட்ட சகோதரிகள்.

சோறு போடுவது சினைப்பை.
எங்கோ உள்ளே இருந்துகொண்டு
ஈஸ்ட்ரோஜனைத் தூது அனுப்புகிறது.
யோனிச் சுவர் தடிக்கிறது, செல்களில் மாச்சத்து சேர்கிறது,
உதிரும் செல் குதிரோடு உதிர்கிறது.
தின்ற கோல்கள் புளிப்பைக் கக்குகின்றன.
அந்தப் புளிப்புதான் காவல்;
அதை மீறிக் குடியேறுவது கடினம்.

பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும்.
எங்கள் பரீட்சையில் பூஜ்யம் வாங்கியவள்தான் முதல்.

போன மாதம் தூது ஓய்ந்தது.
இரத்தம் வந்து புளிப்பைக் கழுவிப் போனது.
கோல்கள் கலைந்தன. வெளிறிய சிவப்புப் பொடிகள்
மீன்பாயில் ஈ மாதிரி
ஒவ்வொரு செல்லின் விளிம்பையும் மொய்த்தன.
அன்று அவளுக்கு ஏழு போட்டேன்.

"சோப்பு போட்டுக் கழுவச் சொல்லவா?"
என்றாள் நர்ஸ் அவினோ, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.
"ஐயோ, சோப்பே வேண்டாம் என்று சொல்.
இது அழுக்கு இல்லை. தேதி."

ஒரு வாரத்தில் மூன்று.
பிறகு பூஜ்யம். பிறகும் பூஜ்யம்.

இந்த மாதம் ஏழு வரவில்லை.
இருபத்தொன்பதாம் நாள் பூஜ்யம்.
முப்பத்தொன்று, முப்பத்துமூன்று.
இன்று முப்பத்தைந்து;
லென்சின் வட்டம் கொள்ளாமல் கோல்கள்.

முட்டை வெடித்துப் போன இடத்தில்
மஞ்சளாய் ஆறிய தழும்பு
வற்ற வேண்டிய நாளில் வற்றாமல்
இன்னும் சுரக்கிறதோ?

சாட்சி போதாது. நாள் தள்ளியிருக்கலாம்.
துக்கம், பட்டினி, ஊசி, எதுவும் காரணமாகலாம்.
படிவத்தில் இதற்கென்று கட்டமும் இல்லை.
அவளுக்கே தெரியுமோ என்னவோ,
சந்தையில் யாரிடமாவது சில்லறை எண்ணிக்கொண்டிருப்பாள்.
0 என்று எழுதினேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

சாயம் சரியாக ஏறியதா என்று பார்க்க
கடைசியில் என் துண்டு ஒன்று.
ஐம்பத்தொரு வயது.
வெறுந்தரை. கோல்கள் எண்ணி ஆறு.
ஈக்களும் இல்லை.
கூட்டம் முடிந்த மைதானத்தில்
எதையோ தேடுகிறவர்கள் மாதிரி அந்த ஆறும்.

விதிப்படி எனக்கு நான்கு வருகிறது.
போடலாமா என்று யோசித்து
எண்ணெயைத் துடைத்தேன்.
அவினோ தேநீருக்குக் கூப்பிடுகிறாள்.
வெளியே முதல் துளிகள் தகரத்தில்.